ஆர்மீனியர்களின் பூர்வீக நிலம்: பேரரசுகள் அதை ஆண்ட விதம், அது கைவிட்டுப் போன விதம்

கேட்கப்பட்டது இதுதான்: இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பாரசீகர், ரோமானியர், அரபியர், மங்கோலியர், துருக்கியர், ரஷ்யர் என்று மாறி மாறி ஆண்டும் தம் மலைநாட்டிலேயே தங்கிய ஆர்மீனியர்கள், 1915க்குப் பிறகு அதன் மேற்குப் பகுதியில் ஏன் இல்லாமலே போனார்கள்? இன்றைய ஆர்மீனியா ஏன் இவ்வளவு சிறியது?

மத வெறுப்பு என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. வெறுப்பு முந்தைய நூற்றாண்டுகளிலும் இருந்தது. மாறியது ஆளும் முறை. பழைய பேரரசுகளுக்கு அந்த நிலத்திலிருந்து வேண்டியவை மூன்று: வரி, குதிரைப்படை, கணவாய்கள். கொடுப்பவன் யாராக இருந்தாலும் அவர்களுக்குச் சரி. 19ஆம் நூற்றாண்டில்தான் 'இந்த மாகாணத்தில் எந்த இனத்தார் எத்தனை பேர்' என்பது, நிலம் யாருக்கு என்பதை முடிவு செய்யும் கேள்வியாயிற்று.

முதலில் நிலம். வான், செவான், உர்மியா ஆகிய மூன்று ஏரிகளைச் சுற்றி, பெரும்பகுதி 1,500 மீட்டருக்கு மேல் உயர்ந்து கிடக்கும் பீடபூமி அது. யூப்ரடீஸ், டைக்ரிஸ், அராஸ் ஆறுகளின் தலைநீர் அங்கேதான். அதைக் கையில் வைத்திருப்பவன் மேற்கே அனடோலியாவுக்கும், தெற்கே மெசபடோமியாவுக்கும், கிழக்கே பாரசீகத்துக்கும் படை இறக்கலாம். எந்தப் பேரரசாலும் அதை எதிரிக்கு விட்டுவைக்க முடியவில்லை. அதே சமயம் பள்ளத்தாக்குகள் ஒன்றுக்கொன்று மலைகளால் அடைபட்டவை; குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பனி மூடிக்கிடக்கும். எங்கோ தொலைவிலிருக்கும் தலைநகரிலிருந்து நேரடியாக ஆள்வது பெரும் செலவு. ஆகவே ஒவ்வொரு பள்ளத்தாக்கையும் பரம்பரையாகப் பிடித்திருந்த பிரபுக் குடும்பங்களின் வழியாக ஆண்டார்கள். இந்தப் பிரபுக்களை ஆர்மீனியர் நகரார் என்பார்கள். மாமிகோனியன், பக்ரதுனி, அர்த்ஸ்ருனி ஆகியவை அவர்களில் பெரிய வீடுகள். சொந்த நிலம், சொந்தக் கோட்டை, சொந்தக் குதிரைப்படை எல்லாம் அவர்களுக்கு உண்டு.

முதலாம் டேரியஸின் பெஹிஸ்தூன் கல்வெட்டில் கிமு 520 வாக்கில் இந்நாட்டின் பெயர் வருகிறது. அகாமனிசியர் காலத்தில் ஆண்டுதோறும் 20,000 குதிரைக்குட்டிகள் இங்கிருந்து பாரசீக மன்னருக்குப் போயின என்று ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். கிமு முதல் நூற்றாண்டில் பெரிய டிக்ரானஸ் சில பத்தாண்டுகள் தானே பேரரசனாக இருந்தான். அவனை விட்டால், பிந்தைய வரலாறு முழுக்க இரு பெரும் சக்திகளுக்கு நடுவில்தான். கிபி 63இல் ராண்டேயா உடன்பாடு ஒரு வினோதமான ஏற்பாட்டைச் செய்தது: ஆர்மீனிய அரியணையில் அன்று பாரசீகத்தை ஆண்ட பார்த்திய வம்சத்துக் குடும்பத்தவன் உட்காருவான், ஆனால் முடியை ரோம் சூட்டும். அதன்படி 66இல் திரிதாத்தஸ் ரோம் வரை போய் நீரோவின் கையால் முடிசூட்டிக்கொண்டான். இரண்டு பக்கமும் மானம் காத்த ஏற்பாடு. மூன்றரை நூற்றாண்டுக்கு அந்த வம்சம் நின்றது.

387 வாக்கில் ரோமும் சாசானியப் பாரசீகமும் நாட்டைப் பங்கு போட்டன. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு பாரசீகத்துக்கு. 428இல் அங்கும் மன்னராட்சி முடிந்து, மர்ஸ்பான் எனப்படும் எல்லைக்காவல் ஆளுநர் வந்தார். மன்னன் இல்லை, ஆனால் நகரார்கள் இருந்தார்கள். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறிஸ்தவமான திருச்சபை இருந்தது. 405 வாக்கில் மெஸ்ரோப் மஷ்தோத்ஸ் உருவாக்கிய எழுத்தும் இருந்தது. மன்னராட்சி போன பிறகும் நாடு நாடாக நீடித்ததற்கு இம்மூன்றும்தான் காரணம்.

பாரசீகம் எப்போது இடறியது என்று பார்த்தால், இந்த அமைப்பில் கைவைத்தபோது. இரண்டாம் யஸ்டெகெர்த், தென்ஷாபு என்ற அதிகாரியை அனுப்பிக் குடிக்கணக்கு எடுத்தார். அதுவரை விலக்குப் பெற்றிருந்த திருச்சபையையும் வரிக்குள் கொண்டுவந்தார். பிறகு சொராஸ்திர மதத்துக்கு மாறச் சொன்னார். 451இல் அவராய்ர் களத்தில் வர்தான் மாமிகோனியன் இறந்தார், ஆர்மீனியர் தோற்றார்கள். ஆனால் கலகம் அடங்கவில்லை. 484இல் நுவார்சாக் உடன்பாட்டில் பாரசீகம் மத உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்து வர்தானின் உறவினர் வஹானே மர்ஸ்பான் ஆனார். குதிரைப்படை தருகிற குடிகளை மதத்துக்காகப் பகைத்துக்கொள்வது கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்டார்கள்.

அதிகம் பேசப்படாத சேதம் மேற்குப் பக்கம், ரோமின் சட்டப் புத்தகத்தால் வந்தது. நகரார் வீட்டில் நிலம் பிரிவதில்லை. குடும்பத் தலைவனிடமே மொத்தமாக நிற்கும். ஜஸ்டினியன் 535-536இல் ரோமானிய வாரிசுச் சட்டத்தை அங்கும் கட்டாயமாக்கினார். மகள்களுக்கும் சம பங்கு. இன்றைய கண்ணுக்கு முற்போக்கான சட்டம். ஆனால் அதன் விளைவு, சில தலைமுறைக்குள் பெரிய வீடுகள் துண்டு துண்டாகி, சொந்தப் படை வைத்திருக்கும் வசதி இழந்தது. கூடவே நாட்டை நான்கு மாகாணங்களாக்கி நேரடி நிர்வாகம் வைத்தார். பாரசீகப் பகுதியில் நகரார்கள் இன்னும் பல நூற்றாண்டு தழைத்தார்கள். ரோமானியப் பகுதியில் சத்தமில்லாமல் கரைந்தார்கள்.

அரபியர் தொடக்கத்தில் பாரசீக வழியையே பின்பற்றினார்கள். 652இல் தியோடர் ர்ஷ்துனிக்கும் முஆவியாவுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையில் 15,000 குதிரைவீரர்களை ஆர்மீனியர் வைத்துக்கொள்ளலாம், கோட்டைகளுக்கு அமீர்களை அனுப்ப மாட்டோம் என்று இருந்தது. அரை நூற்றாண்டில் அது கிழிந்தது. 705இல் நக்சிவானில் நகரார்களைத் தேவாலயத்துக்குள் வைத்து எரித்தார்கள். அப்பாசியர் காலத்தில் வரியைப் பணமாகக் கேட்டது 774-775 கலகத்தில் முடிந்தது. அதில் மாமிகோனியன் வீடு மீள முடியாமல் விழுந்தது. மிஞ்சிய பக்ரதுனிகள் 885இல் மீண்டும் மன்னர்களானார்கள். 961 முதல் ஆனி அவர்கள் தலைநகர்.

அடுத்தது, என் கணிப்பில், 1915க்கு முந்தைய வரலாற்றின் மிகப் பெரிய திருப்பம். கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியம் 11ஆம் நூற்றாண்டில் கிழக்கே நகர்ந்தது. 1021 வாக்கில் வான் ஏரிப் பகுதியான வஸ்புராகானின் மன்னர் செனகெரிம் நாட்டைப் பேரரசிடம் ஒப்படைத்து, பதிலுக்கு செபாஸ்தியாவில் நிலம் வாங்கிக்கொண்டு பரிவாரத்தோடு மேற்கே போனார். 1045இல் ஆனியும் அப்படியே பேரரசிடம் போனது. ஒவ்வொரு முறையும் மன்னர், பிரபுக்கள், அவர்களுடைய வீரர்கள் என்று மேல்தட்டு முழுவதும் இடம்பெயர்ந்தது. மீதமிருந்த எல்லைப்புறக் குடிகள் படைக்கு ஆள் தருவதாக இருந்த கடமையை ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் பணவரியாக மாற்றினார். கருவூலத்துக்கு லாபம். ஆனால் காவல் போயிற்று. 1064இல் செல்ஜுக் துருக்கியரின் சுல்தான் ஆல்ப் அர்ஸ்லான் ஆனியைப் பிடித்தார். 1071இல் மன்சிகெர்ட் போரில் பேரரசரையே சிறைபிடித்தார். மலைநாட்டைக் காக்க மலைநாட்டுப் படை என்ற ஏற்பாட்டைப் பேரரசே கலைத்துவிட்டு, பிறகு துருக்கியர் எப்படி இவ்வளவு எளிதாக நுழைந்தார்கள் என்று வியந்தது. இடம்பெயர்ந்தவர்கள் தெற்கே கிலீகியாவில் 1198 முதல் 1375 வரை ஓர் அரசை நடத்தினார்கள்; அது தனிக் கதை, பூர்வீக நிலமும் அல்ல.

இதன் பிறகு ஆர்மீனிய விவசாயிக்கும் ஆளுகிறவனுக்கும் நடுவில் ஆயுதம் ஏந்திய சொந்தத் தலைவன் இல்லை. சூனிக், கராபாக், சாசூன், செய்தூன் போன்ற சில மலை மூலைகள் மட்டும் விதிவிலக்கு. செல்ஜுக், மங்கோலியர், தைமூர், கருஞ்செம்மறி, வெண்செம்மறித் துருக்மேனியர் என்று வந்தவர்களோடு மேய்ச்சல் குலங்களும் வந்து தங்கின. திருச்சபைதான் மிச்சம். 1441இல் அதன் தலைமைப் பீடம் எச்மியாட்சினுக்குத் திரும்பியது.

1514இல் சால்திரானில் தொடங்கி ஒட்டோமன் துருக்கியப் பேரரசும் பாரசீகத்தை ஆண்ட சஃபாவியரும் ஒன்றேகால் நூற்றாண்டு இதே நிலத்தில் மோதினார்கள். 1555இல் அமாசியாவிலும் 1639இல் சுஹாபிலும் எழுதிய எல்லை, 387இன் பழைய பங்கீட்டையே நினைவூட்டும். இம்முறை பெரிய பங்கு மேற்கே ஒட்டோமனுக்கு. ஷா அப்பாஸ் 1604இல் பின்வாங்கும்போது எதிரிக்கு ஒரு கதிர் மிஞ்சக் கூடாதென்று அராஸ் சமவெளியை எரித்து, மக்களைப் பாரசீகத்துக்கு ஓட்டிச் சென்றார். ஆற்றைக் கடக்கையில் பலர் மூழ்கினார்கள். எரெவான் பகுதியில் ஆர்மீனியர் சிறுபான்மையாகத் தேய்ந்ததற்கு இந்த இடப்பெயர்ப்பு முக்கியக் காரணம். ஜூல்ஃபா நகரத்து வணிகர்களை மட்டும் அவர் தனியாக நடத்தினார்: இஸ்ஃபஹானுக்குப் பக்கத்தில் புது ஜூல்ஃபா கட்டிக்கொடுத்து, பட்டு ஏற்றுமதியை அவர்கள் கையில் விட்டார்.

அந்தப் புது ஜூல்ஃபாவின் கிளைகளில் ஒன்றுதான் சென்னை. 1688இல் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட ஆர்மீனியர் இங்கும் குடியேறினார்கள். அடையாற்றின் மேல் மர்மலாங் பாலம் கட்டிய கோஜா பெத்ரோஸ் உஸ்கான் அவர்களில் ஒருவர். பாரிமுனை ஆர்மீனியன் தெருவில் அவர்கள் தேவாலயம் இன்றும் நிற்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய இதழ் 1794இல் அச்சானதும் சென்னையில்தான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, ஷஹாமிர் ஷஹாமிரியன் என்ற வணிகர், விடுதலை பெற்ற ஆர்மீனியாவுக்கான ஓர் அரசியலமைப்பையே எழுதி இங்கு அச்சிட்டார். நாடே இல்லாத நாளில் நாடாளுமன்றம் கொண்ட நாட்டுக்குச் சட்டம்! பூர்வீக நிலத்தின் முதல் அச்சகமே 1771இல்தான் எச்மியாட்சினில் வந்தது.

ஒட்டோமன் பக்கம் என்ன நடந்தது என்பதற்கு இஸ்தான்புல்லையும் மலைநாட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பலரும் குழம்புவது இங்கேதான். தலைநகரில் ஆர்மீனியக் குலத்தலைவர், அதாவது அங்கிருந்த திருச்சபைத் தலைவர், சமூகத்தின் திருமணம், பள்ளி, வாரிசு வழக்குகளை நடத்தினார். பல்யான் குடும்பம் சுல்தான்களுக்கு அரண்மனை கட்டியது. தாத்யான் குடும்பம் வெடிமருந்து ஆலைகளை நடத்தியது. 'விசுவாசமான சமூகம்' என்ற பெயர் அவர்களைப் பார்த்து வந்தது. மூஷ் சமவெளியில் கோதுமை விதைத்தவனுக்கு அந்தப் பெயரால் ஒன்றும் கிடைக்கவில்லை.

அவன் தலையில் இருந்த சுமையை வரிசையாகப் பாருங்கள். முஸ்லிம் அல்லாதவர் கட்டும் ஜிஸ்யா தலைவரி: 1691 முதல் ஏழை, நடுத்தரம், பணக்காரர் என்று மூன்று தரம், ஒன்று, இரண்டு, நான்கு பொற்காசு. 1856 சீர்திருத்தம் அதை நீக்கி, அதே தொகையை ராணுவ விலக்கு வரி என்ற பெயரில் வாங்கியது. அடுத்து விளைச்சலில் தசமபாகம். பெயருக்குப் பத்தில் ஒன்று. ஆனால் வசூல் உரிமை ஏலத்தில் போகும். ஏலம் எடுத்தவன் போட்ட முதலை ஓராண்டுக்குள் எடுக்கப் பார்ப்பான். அவனுடைய ஆள் களத்துக்கு வந்து மதிப்பிடும்வரை விவசாயி தானியத்தை எடுக்கக் கூடாது. வராமல் இழுத்தடித்தால் மழையில் நனையும். நனையாமல் காக்க, கூடுதலாக ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். இதற்கு மேல், பனிக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் குர்தியக் குலங்களுக்கும் அவர்கள் மந்தைக்கும் வீட்டில் இடமும் வைக்கோலும் கொடுக்கிற கிஷ்லாக் வழக்கம். பேக் எனப்படும் உள்ளூர்ப் பிரபுவுக்குப் பாதுகாப்புப் பணம். அரசுக்கு ஒரு வரி, ஆகா எனப்படும் குர்தியத் தலைவனுக்கு ஒரு வரி.

1840களில் அரசு குர்திய அமீரகங்களை உடைத்தது. அமீர் பெதிர்கான் 1847இல் சரணடைந்தார். நல்லது நடந்திருக்க வேண்டும். ஆனால் பெரிய அமீர் போன இடத்தில் அரசு வரவில்லை. பத்துச் சின்னத் தலைவர்கள் வந்தார்கள். அமீர் ஒருவனுக்காவது தன் விவசாயி பிழைத்திருக்க வேண்டுமென்ற கவலை இருந்தது. 1858 நிலச்சட்டம் பத்திரப் பதிவைக் கொண்டுவந்தபோது, அலுவலகத்தில் செல்வாக்குள்ளவன் தன் பெயரில் பதிந்தான். பரம்பரையாக உழுதவன் குத்தகைக்காரன் ஆனான். காக்கஸஸிலிருந்தும் பால்கனிலிருந்தும் துரத்தப்பட்ட முஸ்லிம் அகதிகள் லட்சக்கணக்கில் வந்து நிலம் கேட்டது நெருக்கடியை இன்னும் இறுக்கியது. அவர்களும் ரஷ்யாவாலும் புதிய கிறிஸ்தவ நாடுகளாலும் பறிகொடுத்தவர்கள் என்பதை ஆர்மீனிய வரலாறு எழுதுகிறவர்கள் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், கடக்கக் கூடாது.

1863இல் ஒட்டோமன் அரசு ஏற்ற ஆர்மீனியச் சமூக அரசியலமைப்பு 140 உறுப்பினர் சபையை அமைத்தது. அதில் மாகாணங்கள் அனைத்துக்கும் சேர்த்து 40 இடம்தான், மற்றவை தலைநகருக்கு. ஆயினும் 1870களில் மலைநாட்டின் நிலப்பறிப்பு முறையீடுகள் அந்தச் சபைக்கு வந்து குவிந்தன. பதில் கிடைக்காதபோது ஐரோப்பாவின் கதவைத் தட்டினார்கள்.

1878இல் பெர்லின் உடன்படிக்கையின் 61ஆம் பிரிவு, ஆர்மீனியர் வாழும் மாகாணங்களில் சுல்தான் சீர்திருத்தம் செய்வார், வல்லரசுகள் கண்காணிக்கும் என்றது. சில மாதம் முன்பு, ஒட்டோமனைப் போரில் வென்ற ரஷ்யா சான் ஸ்தெஃபானோவில் எழுதிய வாசகம் வேறு: சீர்திருத்தம் நடக்கும்வரை ரஷ்யப் படை அங்கே நிற்கும். பெர்லினில் படை நீங்கியது, வாக்குறுதி மட்டும் மிஞ்சியது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது இரண்டு பக்க நஷ்டம்: பாதுகாப்பும் இல்லை, அந்நியத் தலையீட்டை அழைத்தவர்கள் என்ற பழியும் வந்தது.

'ஆர்மீனியர் வாழும் மாகாணம்' என்ற சொல்லோடுதான் எண்ணிக்கை அரசியல் வேரூன்றியது. எது அப்படிப்பட்ட மாகாணம்? பழைய எர்சுரும் பெருமாகாணம் துண்டானது. 1888இல் ஆர்மீனியர் அதிகமில்லாத ஹக்காரி வானோடு சேர்க்கப்பட்டது. அப்படி எல்லை போட்ட பின் எந்த மாகாணத்திலும் அவர்கள் பெரும்பான்மை இல்லை என்று காட்டுவது எளிது. 1891இல் இரண்டாம் அப்துல் ஹமீது குர்தியக் குலங்களிலிருந்து ஹமீதிய குதிரைப்படையை அமைத்தார். எல்லையைக் காக்க என்பது பெயர். நடைமுறையில் அந்த வீரனை உள்ளூர் நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்பதே அதன் பலம். நிலம் பிடிக்க அதைவிட வேறென்ன வேண்டும்? ஆர்மீனியப் புரட்சியாளர்களான ஹுன்சாக்கியர் 1887இலும் தாஷ்னாக்கியர் 1890இலும் கட்சி கட்டி ஆயுதமும் எடுத்தார்கள். 1894இல் சாசூனில் இரட்டை வரிக்கு எதிரான மோதல் படுகொலையில் முடிந்தது. 1895-96இல் அது மாகாணமெங்கும் பரவியது. இறந்தவர்கள் ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரை என்பது மதிப்பீடு. தப்பி ஓடியவர்கள் திரும்பியபோது வயலில் வேறொருவர் உழுதுகொண்டிருந்தார். இளம் துருக்கியரின் 1908 புரட்சிக்குப் பின்னும் அந்த நிலங்களை மீட்க முடியவில்லை.

கிழக்கே ரஷ்யாவும் மக்களைக் கருவியாகத்தான் கையாண்டது. 1827இல் எரெவானைப் பிடித்து, 1828 துர்க்மென்சாய் உடன்படிக்கையின் 15ஆம் பிரிவைக் கொண்டு, பாரசீகத்திலிருந்து சுமார் 40,000க்கு மேற்பட்ட ஆர்மீனியர்களை வரவழைத்தது. அடுத்து ஒட்டோமன் பகுதியிலிருந்தும் பலர் வந்தார்கள். எரெவான் பகுதியில் சுமார் ஐந்தில் ஒரு பங்காக இருந்தவர்கள், 1832 கணக்கில் 1.64 லட்சம் பேரில் பாதியானார்கள். அதற்காக ரஷ்யா ஆர்மீனியர் பக்கம் நின்றது என்று முடிவு கட்ட வேண்டாம். 1828இல் உருவாக்கிய ஆர்மீனிய மாகாணத்தை 1840இல் அதுவே கலைத்தது. 1885இல் ஆர்மீனியப் பள்ளிகளை மூடியது. 1903இல் திருச்சபைச் சொத்தைப் பறித்தது. பெரும் எதிர்ப்பால் 1905இல் திருப்பிக் கொடுத்தது.

1914 பிப்ரவரியில் ரஷ்யாவும் ஒட்டோமனும் ஒரு சீர்திருத்தத்தில் கையெழுத்திட்டன: கிழக்கு மாகாணங்கள் இரண்டு மண்டலம், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐரோப்பியக் கண்காணிப்பாளர், டச்சுக்காரர் வெஸ்டனெங்க், நார்வேக்காரர் ஹோஃப். பால்கனை ஏறக்குறைய முழுதாக இழந்து ஓராண்டுகூட ஆகாத, இளம் துருக்கியரின் ஆளும் கட்சியான இத்திஹாத் தலைமை இதை அடுத்த பிரிவினையின் முதற்படியாகக் கண்டது. முதல் உலகப் போர் மூண்டதும் ஏற்பாடு ரத்தானது.

1915இல் நடந்ததன் வரிசை இது. ஜனவரியில் சாரிகாமிஷில், ரஷ்யாவுக்கு எதிராகப் போன போர் அமைச்சர் என்வர் பாஷாவின் படை பனியில் அழிந்தது. பிப்ரவரியில் படையிலிருந்த ஆர்மீனியர்களின் ஆயுதங்களைப் பிடுங்கி, மண்வேலைப் பட்டாளங்களுக்கு மாற்றினார்கள். சண்டை வயது ஆண்கள் அதோடு ஊரில் இல்லாமல் ஆனார்கள். ஏப்ரலில் வான் நகரம் தற்காப்பில் இறங்கியது. ஏப்ரல் 24 இரவு இஸ்தான்புல்லில் சமூகத் தலைவர்கள், எழுத்தாளர்கள் கைது. மே 27 நாடுகடத்தல் தற்காலிகச் சட்டம். ஊரில் பறை அறிவித்து, சில நாள் அவகாசம். மிஞ்சிய ஆண்களை ஊருக்கு வெளியே பிரித்துக் கொன்றார்கள். பெண்கள், குழந்தைகள், முதியோர் நடையாய் சிரியப் பாலைக்கு. வழியில் உள்துறை அமைச்சர் தலாத்தின் வட்டத்தோடு இணைந்த சிறப்பு அமைப்பின் கும்பல்களும் உள்ளூர்க் கொள்ளையரும். சொத்துக்கு 'கைவிடப்பட்ட சொத்து' ஆணையங்கள். வீடுகளில் முஸ்லிம் அகதிகள் குடியேற்றம். கொன்யாவில் செலால் பே, அங்காராவில் மஸ்ஹர் பே போன்ற ஆளுநர்கள் ஒத்துழைக்க மறுத்தார்கள், பதவி பறிபோனது. போய்ச் சேர்ந்த இடத்தில் ஆர்மீனியர் உள்ளூர் முஸ்லிம்களில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு இருந்தது. சிரியாவின் தேர் எஸ் சோரில் கூட்டம் அந்த அளவைத் தாண்டிச் சேர்ந்தபோது, 1916இல் அங்கேயே இரண்டாம் சுற்றுப் படுகொலை. போர்க்கால இடமாற்றம், வழியில் நோயும் பசியும் என்று துருக்கி அரசு இன்றும் சொல்கிறது. எல்லையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊர்களையும் காலி செய்ததை அந்த விளக்கம் தொடுவதில்லை. இனப்படுகொலை ஆய்வாளர்களில் மிகப் பெரும்பான்மையோர் அதை ஏற்பதுமில்லை.

எல்லை எப்படிச் சுருங்கியது என்ற கேள்விக்கு விடை அடுத்த ஆறாண்டில் உள்ளது. ரஷ்யப் புரட்சியால் போர்முனை கலைந்தது. 1918 மே மாதம் எரெவானுக்கு மேற்கே சர்தாராபாதில் ஒட்டோமன் படையைத் தடுத்ததால் ஒரு சிறு குடியரசு மே 28இல் பிறந்தது. 1920 ஆகஸ்டில் செவ்ர் உடன்படிக்கை அதற்கு மேற்கில் நிலம் தந்தது. எர்சுரும், வான், பித்லிஸ், திரபிசோன் மாகாணங்களில் எல்லையை அமெரிக்க அதிபர் வில்சன் வரைந்தார். வரைபடத்துக்குப் பின்னால் ஒரு பட்டாளம்கூட இல்லை. அக்டோபர் 30இல் கார்ஸ் விழுந்தது. டிசம்பரில் சோவியத் ஆட்சி வந்தது. 1921 அக்டோபர் 13 கார்ஸ் உடன்படிக்கை கார்ஸையும் சுர்மாலுவையும் துருக்கிக்கும், நக்சிவானை அசர்பைஜானின் பொறுப்புக்கும் விட்டது. அராரத் மலை சுர்மாலுவோடு போனது. சுர்மாலு 1828 வரை பாரசீகத்துடையது, பிறகு ரஷ்யாவுடையது. இன்றைய ஆர்மீனியா 29,743 சதுர கிலோமீட்டர். பழைய ரஷ்ய எரெவான் பகுதியும் அதன் சுற்றுப்புறமும்தான்.

கடைசியாக, எண்களைப் படிக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒட்டோமன் 1914 கணக்கு பேரரசு முழுவதிலும் சுமார் 12 லட்சம் ஆர்மீனியர் என்கிறது. குலத்தலைவர் பீடம் ஏறக்குறைய 20 லட்சம் என்றது. அரசுக் கணக்கு வரிக்கும் ராணுவத்துக்கும் எடுத்தது. பெண்களையும் குழந்தைகளையும் குறைத்துக் காட்டும் இயல்பு அதற்கு உண்டு. பீடத்தின் கணக்கோ, மாகாணங்களின் ஓரப் பகுதிகளைக் கழித்துவிட்டு, குர்தியர், சாசாக்கள், கிசில்பாஷ்கள் என்று மற்றவர்களைத் தனித்தனி வரியில் பிரித்துப் போட்டது. ஆர்மீனியரே மிகப் பெரிய குழுவாகத் தெரியும். இறந்தோர் 6 லட்சம் முதல் 15 லட்சம் வரை என்று மதிப்பீடுகள் விலகுவதற்கு எந்த அடிப்படை எண்ணிலிருந்து தொடங்குகிறார்கள் என்பது முக்கியக் காரணம். ஒரே மாகாணத்துக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்து, எல்லை ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். துருக்கிக் குடியரசின் 1927 முதல் மக்கள்தொகைக் கணக்கு தாய்மொழி ஆர்மீனியம் என்றவர்கள் சுமார் 65,000 என்கிறது. அவர்களிலும் பெரும்பாலோர் இஸ்தான்புல்வாசிகள்.